நெடுந்தீவுத் தரவையும் மட்டக்குதிரைகளும்: தொகை, வாழிடப் பயன்பாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நெடுந்தீவின் குதிரைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாரி முடிந்த கையோடு, தை மாசி மாதங்களில், குறிகட்டுவானில் படகேறுகிறார்கள். அப்போது தரவை எனப்படும் திறந்த புல்வெளி பச்சையாக இருக்கும், பள்ளங்களில் மழைத்தண்ணீர் தங்கியிருக்கும், குதிரைகள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து தொலைவில் மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் காட்சியைக் கண்டு திரும்புகிறவர், புல் உள்ளவரை இவ்விலங்குகளுக்குக் குறையில்லை என்ற எண்ணத்தோடு திரும்புவது இயல்பு. அதே தரவையை ஆவணி கடைசியிலோ புரட்டாதியிலோ பார்த்தவருக்கு அந்த எண்ணம் நிலைக்காது. நிலம் வெளிறிப் பாளம் பாளமாக வெடித்திருக்க, குதிரைகள் கிணறுகளையும் கேணிகளையும் தொட்டிகளையும் விட்டு அதிக தூரம் போகாமல், விலா எலும்பு தெரிய நிற்கும். முதலாவது காட்சியை வைத்து இக்குதிரைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இவ்வாய்வு இரண்டாவது காட்சியிலிருந்து தொடங்குகிறது. நெடுந்தீவுக் குதிரைகளின் தொகையையும் அவை தரவையைப் பயன்படுத்தும் முறையையும் தீர்மானிப்பது கோடைக் கடைசியில் எஞ்சும் நன்னீரே என்பதும், எண்ணும் வேலையும் காக்கும் வேலையும் அந்த நன்னீரடியிலிருந்தே திட்டமிடப்பட வேண்டும் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

இடமும் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்து மக்கள் வாழும் தீவுகளுள் நெடுந்தீவே மிகத் தொலைவானது. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். பவளப்பாறைச் சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண்போர்வை, அதன்மேல் பனங்கூடல்களும் முட்பற்றைகளும் பரந்த தரவையும் என்பதே அதன் தோற்றம். வீட்டுக்கு வீடு, காணிக்குக் காணி அடுக்கப்பட்டிருக்கும் பவளக்கல் வேலிகளைக் கண்டவர்களுக்கு அந்த மண் எவ்வளவு மெல்லியது என்று விளக்க வேண்டியதில்லை. தோண்டும் இடமெல்லாம் கல்லே வருகிறது. ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை தரும் மழையே ஆண்டின் பெரும்பங்கு நீர். அந்த மழையில் ஒரு பகுதி கடலுக்கு ஓடிவிட, மற்றொரு பகுதி சுண்ணக்கல்லின் துவாரங்கள் வழியே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது.

இந்த வில்லையின் இயல்பை அறியாமல் நெடுந்தீவில் எந்த விலங்கைப் பற்றியும் பேச முடியாது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்றே இலேசானது. ஆகையால் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி. சுண்ணக்கல்லில் இரண்டு நீரும் கலப்பதால் நடைமுறையில் இது இன்னும் குறையும். விதியை மறுபக்கத்திலிருந்து வாசித்தால்தான் அதன் கடுமை விளங்கும்: மேலே ஒரு அடி நீர் இறங்கினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறுவதற்கு இடம் கிடைக்கிறது. கோடையில் ஒரே கிணற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கிணறு வற்றுவதற்கு முன்னரே சவராகிவிடும். தண்ணீர் இருக்கிறது, ஆனால் குடிக்க முடியாது என்ற நிலை இப்படித்தான் வருகிறது. மனிதரும் மாடும் குதிரையும் ஒரே வில்லையிலிருந்து குடிக்கும் தீவு இது.

2015 இல் இத்தீவின் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் பரப்பில் அது ஐந்தில் இரண்டு பங்குக்கு அண்மையானது. தரவையைச் சட்டத்தால் காத்தது நல்ல செயல். அதை மனமார வரவேற்க வேண்டும். ஆனால் பூங்காவின் எல்லை நிலத்தின்மேல் வரையப்பட்டது, நிலத்தடி வில்லைக்கு அப்படி எல்லை வரைய முடியாது. பூங்காவுக்கு வெளியே இறைக்கும் தண்ணீர் உள்ளேயுள்ள நிலையையும் பாதிக்கக்கூடும் என்பதை எல்லைக்கற்களைப் பார்க்கும்போது மறந்துவிடக்கூடாது.

குதிரை வந்த வழி

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658 இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியபோது காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. இன்றுவரை நிலைத்தது இந்தக் கடைசிப் பெயர் மட்டுமே. அவர்கள் காலத்தில் நெடுந்தீவு குதிரை வளர்ப்பு நிலமாக இருந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் குதிரைக்கு வேறு வேலி தேவைப்படவில்லை. பிற்காலத்தில் ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தனர். வரிசையாக நிற்கும் பவளக்கல் தூண்களோடு குதிரை லாயங்களின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. வளர்ப்பு கைவிடப்பட்டபின் எஞ்சிய விலங்குகள் தாமே பெருகிக் கட்டாக்காலிகளாயின. ஆகவே விலங்கியல் நோக்கில் இவை காட்டு விலங்குகள் அல்ல, வீட்டு விலங்கின் வழிவந்து காட்டு வாழ்க்கைக்குத் திரும்பியவை. அந்த வேறுபாட்டைச் சொல்வது அவற்றின் மதிப்பைக் குறைப்பதற்காக அன்று. லாயத்தில் இருந்தபோது அவற்றுக்குத் தண்ணீர் இறைத்து வைக்க ஆள் இருந்தது. அந்த ஆளின் இடம் பின்னர் நிரப்பப்படவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

பெருக வேண்டியவை ஏன் பெருகவில்லை

பெட்டைக் குதிரையின் கருக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. மேய்ச்சலும் தண்ணீரும் தாராளமாக உள்ள இடத்தில், வேட்டையாடும் விலங்கு இல்லாவிட்டால், கட்டாக்காலிக் குதிரைகள் ஆண்டுக்கு 15 முதல் 20 வீதம் வரை பெருகக்கூடியவை என்பது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நெடுங்காலமாகக் கண்டறியப்பட்டது. 15 வீதத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: பத்துக் குதிரைகள் ஐம்பது ஆண்டில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். நெடுந்தீவில் சிறுத்தை இல்லை. குதிரைகளோ தலைமுறை தலைமுறையாக அங்கே ஈன்றுகொண்டிருக்கின்றன. அப்படியிருந்தும் அவை சில நூறு என்ற அளவைத் தாண்டிப் பெருகிவிடவில்லை.

இதற்குப் புல்லின் குறைவையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் நார்ச்சத்துச் செரிமானம் பெருங்குடலிலும் குருட்டுக்குடலிலும் நடைபெறுகிறது. மாடு உண்ட கடினமான நார் இரைப்பையில் நொதித்துச் சிறிதாகும்வரை அங்கேயே தங்குவதால், தரம் குறைந்த தீனி மாட்டின் உட்கொள்ளலையே குறைத்துவிடும். குதிரையின் உடலில் அதே தீனி விரைவாகக் கடந்து போகும். சத்தை முழுமையாக எடுக்காவிட்டாலும் நிறைய உண்டு ஈடுசெய்யும். நாளில் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேலாகக் குதிரை மேய்வதன் காரணம் இதுவே. மேலும் மாடு நாக்கால் சுருட்டி இழுப்பது. குதிரைக்கு மேல்வாயிலும் கீழ்வாயிலும் வெட்டுப்பற்கள் இருப்பதால் நிலத்தோடு ஒட்டிய அறுகையும் கோரையையும் கறித்து உண்ணும். காய்ந்த தரவையில் இது பெரிய வசதி. ஆனால் காய்ந்த புல்லை நிறைய உண்ணும் விலங்குக்குத் தண்ணீரும் நிறைய வேண்டும். உடல் எடையில் நூறு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் என்பது ஓய்வாக நிற்கும் குதிரையின் தேவை. வெயிலில் நடந்து, குட்டிக்குப் பாலும் கொடுக்கும் பெட்டைக்கு அது இரட்டிப்பாகலாம். புல்லைப் பொறுத்தவரை கோடையைத் தாக்குப்பிடிக்க வைக்கும் அதே உடலமைப்பு, தண்ணீரைப் பொறுத்தவரை குதிரையை மேலும் கடன்பட வைக்கிறது. வறட்சி ஆண்டுகளில் இத்தீவில் குதிரைகள் மடிந்தது வெறும் பசியால் அன்று.

ஈற்று மாதமும் இதிலே சேர்கிறது. குட்டி ஈன்ற ஏழு முதல் பத்து நாளில் பெட்டை மீண்டும் பருவமடையும். பதினொரு மாதக் கருக்காலத்தையும் சேர்த்தால், ஒருமுறை கோடையில் ஈன்ற பெட்டை அடுத்த முறையும் ஏறத்தாழ அதே காலத்திலேயே ஈனும். பால் கொடுக்கும் வாரங்கள் தண்ணீர் அற்ற வாரங்களோடு ஒத்துப்போகும் பெட்டைகளும் அவற்றின் குட்டிகளுமே முதலில் விழுகின்றன என்று எதிர்பார்க்கலாம். தொகையை அடக்கிவைக்கும் கை இங்கேதான் இருக்கிறது.

ஒரே தரவை, இரண்டு வாழிடங்கள்

மாரியில் குதிரைகள் தண்ணீரை நினைக்காமலே வாழ்கின்றன. பள்ளங்கள் நிறைந்திருக்கும், இளம்புல்லிலேயே ஈரம் இருக்கும். ஒரு ஆண் குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று அமைந்த குடும்பக் கூட்டங்களும், கூட்டம் அமைக்காத இளம் ஆண்களின் தனிக் கூட்டங்களும் தரவை முழுவதும் பரவும். தாழ்நிலம் சேறாகும்போது அவை மேட்டுப்பாங்கான பனங்கூடலை நாடும். இக்காலத்தில் வாழிடம் என்பது தரவை முழுவதுமே.

சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியபின் நிலை மாறுகிறது. அந்தக் காற்று மழையைத் தராது. நிலத்திலுள்ள ஈரத்தையும் கொண்டு போகும். பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்ற, குதிரைகள் உச்சி வெயிலில் பனை நிழலிலும், காலை மாலைகளில் தண்ணீருக்கும் புல்லுக்கும் இடையேயான நடையிலுமாக நாளைக் கழிக்கும். தண்ணீரடிக்குப் பக்கத்திலுள்ள புல் முதலில் தீரும். பிறகு அதற்கு அடுத்த வளையம். இப்படி நாளுக்கு நாள் தண்ணீருக்கும் புல்லுக்கும் இடையிலான தூரம் கூடும். ஆவணி முடியும்போது கிணற்றைச் சுற்றி மிதிபட்டு வெறுமையான வட்டம் ஒன்று தெளிவாகத் தெரியும். அதன் விளிம்பே அன்றைய மேய்ச்சல் நிலம். 1,846 ஹெக்டேயரில் குதிரைக்கு உண்மையில் பயன்படுவது அப்போது சில தண்ணீரடிகளைச் சுற்றிய வளையங்கள் மட்டுமே. தொலைவிலுள்ள புல், நடந்து போய் மேய்ந்து தண்ணீருக்குத் திரும்ப முடியாத காரணத்தால், இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. இந்தக் கருத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு: பூங்காவின் தாங்குதிறனை மொத்தப் பரப்பிலிருந்து கணக்கிடும் எவரும் பெரிய பிழை செய்வார்.

மான்கள் வாழும் புல்வெளிகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஹோட்டன் சமவெளியில், 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த மலைப்பூங்காவில், மரைகள் பகலில் காட்டுக்குள் ஒதுங்கி மாலையிலும் இரவிலும் புல்வெளிக்கு வருகின்றன. அங்கே ஈரத்துக்குக் குறைவில்லை, வாழிடப் பயன்பாட்டைத் தீர்மானிப்பது மறைவிடமும் சிறுத்தைப் பயமுமே. வில்பத்துப் பூங்காவில் புள்ளிமான்கள் கோடையில் வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் கரையில் கூடுகின்றன. நெடுந்தீவுக்கு ஒப்பான நிலை அது, ஆயினும் அங்கே சுற்றிலும் காடு உண்டு, தழை உண்டு. மிக நெருங்கிய ஒப்புமை நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது. 1967 இல் சரணாலயமான கோடியக்கரையில் வெளிமான்களும் கட்டாக்காலிக் குதிரைகளும் ஒரே புல்வெளியைப் பகிர்கின்றன. (வெளிமானைத் தமிழர் மான் என்றே அழைத்தாலும், அதன் கொம்பு உதிர்வதில்லை, ஆகவே விலங்கியலார் அதை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை.) அங்கே குதிரை வெளிமானுக்குப் போட்டியாகக் கருதப்படுகிறது; சீமைக்கருவேல் பரவிப் புல்வெளியைச் சுருக்குவது இரண்டுக்கும் பொதுவான இடர். நெடுந்தீவில் குதிரை போட்டியிடுவது மானோடு அன்று, மாட்டோடு.

மாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தீவு மக்களின் வாழ்வில் மாடும் ஆடும் மீனும் பனையும் முதன்மையானவை. தரவை அவர்களுடைய மேய்ச்சல் நிலமாகவும் இருந்துவருகிறது. மாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. கோடையில் அவர் தம் கிணற்றில் இறைத்து அதற்கு வைப்பார். குதிரைக்கு அப்படி ஒருவரில்லை. அது வேலியை உடைத்துத் தோட்டத்துக்குள் வந்தால், தாகத்தால் வந்தது என்று அறிந்தும் விரட்டத்தான் வேண்டியிருக்கிறது. தங்கள் குடிதண்ணீருக்கே கோடையில் கணக்குப் பார்க்கும் மக்கள்மீது இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது.

எண்ணும் முறை

வாழிடப் பயன்பாடு இப்படியானால், எண்ணும் முறையும் அதற்கேற்பவே அமைய வேண்டும். மாரிக்குப் பின் தரவையைக் கடந்து நடந்து எண்ணினால், பரந்து நிற்கும் கூட்டங்களுள் பனங்கூடலுக்குள் இருப்பவை தவறிப்போகும். இடம்பெயரும் கூட்டங்கள் இருமுறை எண்ணப்படும். மான்களுக்கு வழக்கமாகப் பயன்படும் சாணக் கணக்கும் இங்கே உதவாது, ஏனெனில் ஆண் குதிரைகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சாணமிட்டுக் குவியலாக்கும் இயல்புள்ளவை. குவியலின் எண்ணிக்கை விலங்கின் எண்ணிக்கையைக் காட்டாது.

புரட்டாதியில் நிலைமையே வேறு. எல்லாக் குதிரைகளும் தண்ணீருக்கு வந்தாக வேண்டும். வந்து போகும் இடங்களும் சில. குடிநீர் உள்ள ஒவ்வொரு கிணற்றடியிலும் கேணியிலும் தொட்டியிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் இருந்து, அடுத்தடுத்து இரண்டு மூன்று நாட்கள் எண்ண வேண்டும். குதிரைகள் இரவிலும் குடிக்கும். ஆகவே பூரணையை ஒட்டிய நாட்களே ஏற்றவை. எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொரு விலங்கையும் இரு பக்கமும் படமெடுத்துப் பதிவது முக்கியம். புள்ளிமானில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியப் பயிற்சி வேண்டும். குதிரையில் நெற்றிச் சுட்டி, மூக்கு வெள்ளை, வெள்ளைக் கால், உடல் நிறம், பழைய காயத் தழும்பு என்று அடையாளங்கள் கண்ணுக்கு நேரே தெரிவன. சில நாட்களிலேயே ஒரு குடும்பப் பதிவேடு உருவாகிவிடும்.

பதிவேடு இருந்தால், காணாமற்போனவற்றையும் மதிப்பிடலாம். உதாரணத்துக்கு, முதல் நாள் 60 குதிரைகளை அடையாளம் கண்டு பதிவதாகவும், இரண்டாம் நாள் கண்ட 80 இல் 40 ஏற்கெனவே பதிவானவை என்றும் வைத்துக்கொள்வோம். 60 ஐ 80 ஆல் பெருக்கி 40 ஆல் வகுத்தால் 120 வரும். மொத்தத் தொகையின் மதிப்பீடு அது. குறி வைத்தோ பிடித்தோ விலங்கை வருத்தாமல் இவ்வளவும் செய்யலாம். மொத்த எண்ணைவிட அதற்குள் இருக்கும் பிரிவுகளே என் பார்வையில் அதிகம் சொல்லும்: பெட்டைகளுக்கு எத்தனை குட்டிகள், கூட்டம் இல்லாத ஆண்கள் எத்தனை, சென்ற ஆண்டுக் குட்டிகளில் எத்தனை இந்தப் புரட்டாதியைக் கண்டன. இனவிருத்தியின் நலமும் இதிலிருந்தே தெரியும். 100 பெட்டைகள் இருந்தும் குட்டிகளுக்குத் தந்தையாவது 20 ஆண்களே என்றால், மரபியல் கணக்கில் அந்தக் கூட்டம் ஏறத்தாழ 67 விலங்குகளுக்குச் சமமானது. வெளியிலிருந்து புதிய இரத்தம் வராத தீவில் இது புறக்கணிக்கக்கூடியதன்று.

தொட்டிகளை எங்கே வைப்பது

வறட்சிக் காலங்களில் குதிரைகளுக்குத் தண்ணீர் வைப்பது பல கைகளால் நடந்துவந்திருக்கிறது. அந்தக் கைகள் போற்றத்தக்கவை. ஆனால் அது விலங்குகள் விழத் தொடங்கியபின் நடக்கும் வேலையாகவே இருந்துவருகிறது. தொட்டிகள் எளிதாக வண்டி போகும் இடத்தில் ஒன்றுகூடி அமைந்தால், அங்கேயே வளையம் தேய்ந்து, தொலைவிலுள்ள புல் தீண்டப்படாமல் கிடக்கும். மேலே சொன்ன காரணத்தால் தொட்டிகள் புல் எஞ்சியுள்ள திசைகளில் பரவலாக அமைய வேண்டும். ஒரு ஆண் குதிரை தன் கூட்டத்துக்காகத் தண்ணீரடியை மறித்து நிற்பது உண்டென்பதால், ஒரு பெரிய தொட்டியைவிட இடைவெளி விட்ட மூன்று சிறிய தொட்டிகள் மேல். விளிம்பு குட்டிக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

நீர் எங்கிருந்து என்பதே கடினமான கேள்வி. 2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் தாராளமாகும்போது மோட்டார் வைத்து இறைக்கும் ஆசையும் தாராளமாகும். நாற்பது அடிக் கணக்கை அப்போதுதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆழ்கிணற்றில் வேகமாக இறைப்பதைவிட, பல ஆழமற்ற துரவுகளிலிருந்து மெதுவாக எடுப்பதே வில்லையைக் காக்கும். பழைய கேணிகளைச் சோளகத்திலேயே தூர்வாரி மாரித் தண்ணீரை நிறுத்துவது அதைவிடவும் பாதுகாப்பானது. தொட்டி நீரின் உப்பையும் கிழமைக்கொருமுறை அளக்கலாம். லீற்றருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கால்நடைக்குப் பொதுவாகத் தீங்கில்லை, அதற்கு மேலே போனால் முதலில் பாதிக்கப்படுவது பாலூட்டும் பெட்டை.

ஐப்பசியின் முதல் நல்ல மழை விழுந்தவுடன் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். அடுத்த சில நாட்களில் குதிரைகள் கிணற்றடியை விட்டு விலகித் தரவையெங்கும் சிதறிவிடும். ஆகவே எண்ணுகிறவர்கள் அதற்கு முன், புரட்டாதிப் பூரணைக்குள், பதிவேட்டோடு குறிகட்டுவானுக்கு வந்துவிட வேண்டும். அந்த மழைக்குப் பிறகு வருகிறவர் எண்ணுவதற்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரிடும்.